காதும் விழக் கூடாது, வயதும் ஏறக் கூடாது

டிசம்பர் 21 அல்லது 22, ஆண்டிலேயே இரவு நீண்ட நாள், சீனாவில் தோங்ஜி பண்டிகை. செங்டுவில் எங்கள் அலுவலகத்தில் அன்று வேலை நடப்பதாகப் பேர்தான். நாடு முழுக்க ஒரே பண்டிகை, ஆனால் என்ன சாப்பிடுவது என்பதில் ஊருக்கு ஊர் அடிதடி. எங்கள் பிரிவில் ஒருவர் ஹெனான்காரர், ஒரு பெண்ணுக்குச் சாவ்சோ, மேலாளருக்குச் செங்டுவே சொந்த ஊர். எந்தக் கட்சியிலும் சேராத மதுரைக்காரன் நான் என்பதால் எல்லாரும் என்னிடம்தான் ஓட்டு கேட்டு வந்தார்கள், கையில் டப்பாவோடு.

முதலில் ஹெனான்காரர், பன்றிக்கறியும் முட்டைக்கோசும் அடைத்த ஜியாவ்சியுடன். "இன்னைக்கு இதைச் சாப்பிடலைன்னா காது உறைஞ்சு விழுந்துடும்" என்றார், சிரிக்காமல். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் சோங்ஜிங் என்ற வைத்தியர், சொந்த ஊரான நன்யாங்கில் ஏழைகளின் காது குளிரில் புண்ணாகிக் கிடப்பதைப் பார்த்து, ஆட்டுக்கறி, மிளகாய், மூலிகை எல்லாவற்றையும் வேகவைத்து நறுக்கி, மாவில் காது வடிவத்தில் மடித்துக் கொடுத்தாராம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சீனாவுக்கு வந்ததே அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். ஆனால் ஜியாவ்சி சூடாகக் கைக்கு வந்திருக்கும்போது வரலாறு பேசக் கூடாது. சாவ்சோப் பெண்தான் பேசினார்: "செங்டுவுல தண்ணியே உறையறது அபூர்வம், இதுல காது எங்கே உறையும்?"

அவருடைய டப்பாவில் தாங்யுவான். ஒட்டும் அரிசி மாவு உருண்டை, உள்ளே கறுப்பு எள்ளும் சர்க்கரையும். நம்மூர்க் கொழுக்கட்டை இஞ்சி தட்டிப்போட்ட வெல்லப்பாகில் குளிக்க இறங்கிய மாதிரி இருக்கும். மேலே ஆறியதுபோல் நடிக்கும். கடித்தேன். எள்ளுப்பாகு உதட்டைச் சுட்டுவிட்டுச் சட்டைக்கு இறங்கியது. நான் நாக்கை நீட்டித் தவித்துக்கொண்டிருக்க, "இதைச் சாப்பிட்டா ஒரு வயசு கூடிடும்" என்று சாவகாசமாகச் சொல்கிறார். ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இருக்கிற வயதையே வெளியே சொல்ல முடியவில்லை.

அவர்கள் பக்கம் உருண்டையைக் கதவிலும் சாமான்களிலும் ஒட்டி வைப்பது வழக்கம். எங்கள் பிரின்டர் தலையிலும் ஒன்றை ஒட்டினார். அன்று முழுக்க அது ஒரு பேப்பரைக்கூடக் கடித்துத் துப்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மேலாளர் இரண்டையும் சட்டை செய்யவில்லை. செங்டுவில் தோங்ஜி என்றால் ஆட்டு சூப்தான். சாயங்காலம் எங்களை இழுத்துப்போய்க் கடை வாசல் கூட்டத்தில் நிறுத்திவிட்டார். வெள்ளை வெளேரென்று கொதிக்கும் சூப், தொட்டுக்கொள்ள நறுக்கிய மிளகாயும் கொத்தமல்லியும் புளிக்கவைத்த டோஃபுவும் கலந்த ஒரு சமாசாரம். கறியை அதில் ஒரு புரட்டுப் புரட்டி வாயில் போட்டதுமே என் ஓட்டு விழுந்துவிட்டது. வயிற்றில்தான் இடமில்லை. கிண்ணம் காலியானால் உடனே நிரப்பிவிடுகிறார்கள், அதனால் கடைசி வாயை மட்டும் நெடுநேரம் குடித்துக்கொண்டிருந்தேன்.

தோங்ஜியிலிருந்து ஒன்பது ஒன்பதாக 81 நாள் எண்ணினால் குளிர் போய்விடும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 81 இதழ்களோடு பிளம் கிளை ஒன்றை வரைந்து, தினம் ஓர் இதழுக்கு வண்ணம் பூசுவார்கள். மேலாளர் ஆசையாக ஒன்றை வரைந்து அலுவலகச் சுவரில் ஒட்டினார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த அவர் மகள் ஒரே மூச்சில் அத்தனை இதழுக்கும் சிவப்படித்துவிட்டாள். வசந்தம் வந்துவிட்டது, ஹீட்டரை அணையுங்கள் என்று எங்களுக்கு உத்தரவு வேறு. மேலாளர் மகளாயிற்றே, எழுந்துபோய் அணைத்தேன்.