165 நிமிடப் படத்துக்கு விசிடியா, எஸ்விசிடியா?

அசல் வீடியோ டேப்பிலிருந்து எடுத்த 165 நிமிடப் படம் மூன்று எஸ்விசிடியில் (சாதாரண சிடியில் எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம்; விசிடியில் இருப்பது பழைய எம்பெக்-1) அழகாக உட்கார்ந்துவிட்டது. மழையில் நடக்கும் சண்டைக் காட்சிகூடக் கட்டம் கட்டமாக உடையவில்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்ட வீடுகளில் இப்படிப்பட்ட டேப்புகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அவை பூஞ்சை பிடிக்க ரொம்ப நாள் ஆகாது. மாற்றப்போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

முதலில் பார்க்க வேண்டியது படத்தின் நீளம். 80 நிமிட சிடியில் 360,000 செக்டர் (தகவல் பதியும் சிறு துண்டு). டேட்டா சிடியில் செக்டருக்கு 2,048 பைட். விசிடி, எஸ்விசிடி இரண்டிலும் 2,324. கூடுதலாகக் கிடைக்கும் 276 பைட், பிழை திருத்தத்துக்கு ஒதுக்கியிருந்த இடம். அதனால்தான் 700 எம்பி சிடியில், விண்டோஸ் காட்டும் கணக்கில் 797 எம்பி எம்பெக் கோப்பு ஏறுகிறது. பெரிதாக இருக்கிறதே என்று கோப்பை வெட்டிவிடாதீர்கள். ஆனால் கீறல் விழுந்தால் காப்பாற்ற அந்த 276 பைட் இல்லை, படம் சிதறும்.

விசிடியில் படத்துக்கு வினாடிக்கு 1,150 கிலோபிட் கட்டாயம், ஆகவே சிடிக்கு 80 நிமிடம், இரண்டு சிடிக்கு 160. டேப்பில் இருப்பதே கிடைமட்டமாக ஏறக்குறைய 240 கோடு விவரம்தான். 352x288 விசிடி அதற்குத் தாராளம். 160 நிமிடத்துக்குள் முடியும் படத்துக்கு நான் விசிடியைத்தான் சொல்வேன். 165 நிமிடம் என்றால் மூன்றாவது சிடி எப்படியும் வேண்டும், அதில் விசிடி போட்டால் 75 நிமிட இடம் வீண். அதே மூன்று சிடியில் எஸ்விசிடி போட்டால் ஒவ்வொன்றிலும் 55 நிமிடம். ஒலிக்கு 192 கிலோபிட்டும், படத்தையும் ஒலியையும் ஒரே கோப்பாகச் சேர்க்கும் மக்ஸ் செலவும் போகப் படத்துக்குச் சராசரி 1,790 கிலோபிட் கிடைக்கிறது. உச்சத்தை 2,400க்கு மேல் விடவில்லை. எக்ஸ்விட்டில் (இன்னும் இறுக்கிச் சுருக்கும் எம்பெக்-4 முறை) ஒரே சிடியில் அடைக்கலாம் என்பார்கள். 128 கிலோபிட் ஒலி போக 468தான் மிஞ்சும், டேப்பின் இரைச்சலுக்கு அது எந்த மூலைக்கு? அதோடு, சில தோட்டத்து வீடுகளில் இருப்பது மைக் செருகும் பழைய கரோக்கே விசிடி பிளேயர்கள்தான். அவற்றில் பல எம்பெக்-1 மட்டுமே ஓட்டும், எஸ்விசிடியே ஓடாது. யார் வீட்டுக்குப் போகிற சிடி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எம்பெக் படத்தை 16x16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். எஸ்விசிடியின் 480x576 படத்தில் அந்தக் கட்டங்கள் 1,080. ஃபிரேமுக்கு 71,600 பிட் என்றால் கட்டத்துக்கு வெறும் 66 பிட். முழு விசிடி ஃபிரேமிலேயே 116 கிடைக்கிறது! எஸ்விசிடி தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். மீட்பது மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை. டேப்பில் அது கறுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே இரைச்சல் கொதித்துக்கொண்டிருக்கும், என்கோடர் (படத்தைச் சுருக்கும் மென்பொருள்) அதையும் படமென்று நினைத்து பிட்டைச் செலவழிக்கும். அடிக்கோட்டில் நெளியும் ஹெட் ஸ்விட்சிங் பட்டையும் (டேப்பைப் படிக்கும் தலை மாறும்போது விழுவது) அங்கேதான்.

ஸ்கோப் படம் (உயரத்தைப் போல் 2.35 மடங்கு அகலமான அகலத்திரை) டேப்பில் சுமார் 326 கோடு இருக்கும். அவிசிந்த் என்ற வீடியோ மென்பொருளில் மேலே மூன்று, கீழே மூன்று கோட்டை வெட்டி 320 ஆக்கி, மேலும் கீழும் 128 கோடு சுத்தக் கறுப்பு சேர்த்தேன். 128 என்பது எட்டுக் கட்டம், 320 இருபது கட்டம். கறுப்பும் படமும் ஒரே கட்டத்துக்குள் சந்திக்கவே கூடாது. சந்தித்தால் அந்த ஓரம் முழுக்கக் கொசு மொய்ப்பது போல் துடிக்கும், பிட்டும் அங்கேயே கரையும். இப்படி வரிசைப்படுத்தியதும் 480 கட்டம் கிட்டத்தட்ட இலவசம். மீதி 600க்கு ஆளுக்கு 119 பிட், முழு விசிடியின் அளவு வந்துவிட்டது.

விசிடியில் ஸ்கோப்புக்கு மேலே 64 கறுப்பு, நடுவே 160 படம், கீழே 64 கறுப்பு. அகலம் 1.85 மடங்கான படம்தான் தொல்லை: 208 கோடு போக 80 மீதி, பாதியாக்கினால் 40, பதினாறில் அடங்காது. மேலே 32, கீழே 48 வைத்தால் படம் எட்டுக் கோடு மேலே ஏறும், யாருக்கும் தெரியாது. ஒரு எச்சரிக்கை: மலாய் வசனவரி கீழ்ப் பட்டையில் விழும் டேப்பாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மூடாதீர்கள், வசனமும் போய்விடும். வசனவரிக்குக் கீழே உள்ளதை மட்டும் மூட வேண்டும்.

சிடியை எங்கே பிரிப்பது? இரண்டு சிடி என்றால் இடைவேளை அட்டை. முதல் பாதி 80 நிமிடத்தைத் தாண்டினால் அதற்கு முந்தைய காட்சி மாற்றம். மூன்று சிடி என்றால் ஒரு பாட்டு தொடங்குவதற்கு முன். பாட்டு நடுவில் சிடி மாற்றச் சொல்வது பாவம். சிடியில் எழுத வேண்டிய இமேஜ் கோப்பை விசிடிஈசி என்ற மென்பொருளில் செய்தேன். சில பர்ன் மென்பொருள்கள் கோப்பைச் சந்தேகித்து மறுபடியும் என்கோட் செய்யும், அதைக் கட்டாயம் அணையுங்கள்.

அடுத்தது, வெறும் சிடி வாங்குவது. பெயர் தெரியாத ஸ்பிண்டில் (மொத்தமாக அடுக்கி விற்கும் சிடி) வேண்டாம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியவை 48 வேகத்தில் பர்ன் செய்தால் வெளி ஓரத்தில், அதாவது கிளைமாக்ஸில், தடுக்குகின்றன. 16 வேகம் போதும். சோதனைக்கு சிடி-ஆர்டபிள்யூ (அழித்து எழுதும் சிடி) எடுத்தால் பழைய விசிடி பிளேயர் படிக்காது, அதன் பிரதிபலிப்பு மிகக் குறைவு. மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஈரத்தில் உப்பி வளையும்.

இரண்டாவது, மூன்றாவது சிடிக்கு அத்தியாயப் புள்ளி இன்னும் வைக்கவில்லை. அதற்குள் அடுத்த டேப்பை டிவிடிக்காக 352x576இல் எடுத்துப் பார்க்கும் எண்ணம் வந்துவிட்டது. எஸ்விசிடியின் 480 அகலம் டிவிடி விதிக்குள் வராது. விசிடியின் 352x288 படம் அப்படியே போகும், ஒலியை மட்டும் 44.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 48க்கு மாற்றினால் போதும். ஆகவே டேப்பிலிருந்து 48இல் எடுத்த மூல வேவ் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.