கட்டைவிரல் அளவுக் குழந்தை

என் அலமாரியில் உள்ள ஒலிவமரக் குழந்தை இயேசு கட்டைவிரல் அளவுதான். பெத்லகேமில் வாங்கியது. செதுக்கியவர் பாலஸ்தீனக் கிறிஸ்தவர். "எங்கள் ஊர்ப்பிள்ளை" என்று சொல்லிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

2024 டிசம்பரில் வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கில், பெத்லகேம் கலைஞர்கள் அமைத்த கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசு, பாலஸ்தீனர் அடையாளமான கஃபியா துணிமேல் கிடந்தது. போப் பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அதன்முன் ஜெபித்தார். யூதரான இயேசுவைப் பாலஸ்தீனர் ஆக்குகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களில் துணியோடு குழந்தையையும் எடுத்துவிட்டார்கள்.

இயேசு யூதர்தான், எனக்கு ஐயமே இல்லை. எட்டாம் நாள் விருத்தசேதனம், ஜெபாலயத்தில் ஏசாயா வாசிப்பு எல்லாம் லூக்காவில் இருக்கின்றன. பாலஸ்தீனம் என்ற சொல் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிலேயே உண்டு என்பார்கள், சரி. ஆனால் யூதேயா மாகாணத்தை ரோமர்கள் 'சிரியா பாலஸ்தீனா' ஆக்கியது கி.பி. 135-ஐ ஒட்டி, சிலுவைக்கு நூறாண்டு கழித்து. இயேசுவைப் பாலஸ்தீனர் என்பது அபத்தம்தான். ஆனால் இதைச் சொல்லி இன்றைய பெத்லகேம்காரரை அந்நியர் ஆக்குவது, அதைவிடப் பெரிய அபத்தம்.

செதுக்கியவரிடம் இதையெல்லாம் நான் பேசவில்லை. குழந்தையின் இடது காதில் உளி வழுக்கிய தடம் இருந்தது. அதைக் காட்டி விலை குறைக்கப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.