பொல்கொட வாவியில் தை முதல் பங்குனி வரை

மாசி மாதம் கொழும்புக்குத் தெற்கே இருக்கும் பொல்கொட வாவிக்குப் போனால், தூண்டிலை எடுப்பதற்கு முன்பு கரையோரத்து ஆகாயத்தாமரையைக் கவனிக்கிறேன். இலை பச்சையாக, தண்டு உப்பி விறைப்பாக நின்றால் அங்கே இருப்பது நல்ல தண்ணீர். இலையின் ஓரம் தீயில் காட்டிய தாள்போல் பழுப்பேறிச் சுருண்டிருந்தால், கடல் உப்பு அதுவரை ஏறிவிட்டது. இந்தப் பருவத்தில் எந்தக் கரையில் உட்காருவது என்பதை எனக்குச் சொல்லித்தந்தது இந்தச் செடிதான். அலங்காரச் செடியாக வந்து, களையாகி நாட்டின் குளங்களையெல்லாம் மூடிய ஒன்று இவ்வளவாவது உதவட்டுமே.

பொல்கொட வடக்கு, தெற்கு என இரண்டு பெரிய நீர்ப்பரப்புகளாகக் கிடக்கிறது. இடையே ஓர் ஓடை. கடைசியில் பாணந்துறையில் கடல். மழைக்காலத்தில் உள்ளிருந்து வரும் வெள்ளம் கடல்நீரை வெளியே தள்ளி வைத்திருக்கும். தையும் மாசியும் கொழும்புப் பக்கத்தில் ஆண்டின் மிகக் காய்ந்த மாதங்கள். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி தன் மழையைப் பெரும்பாலும் கிழக்கிலேயே கொட்டிவிடுகிறது. வரத்து குறையக் குறைய, வற்றுப்பெருக்கோடு உவர் மெல்ல உள்ளே நகர்கிறது. நம் மேற்குக் கரையில் வற்றுப்பெருக்கின் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் வரத்து நின்றுபோன வாவிக்கு அதுவே போதும்.

தை முடியும் வேளையில் பிலியந்தலைப் பக்கம் தொடங்கினேன். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாகக் கட்டுபெத்த சந்தி, அங்கிருந்து 255ஆம் இலக்க பஸ். நீட்டி மடக்கும் தடி, ஆறு இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி நூல், சிறிய முள், பயறளவு ஈயம், ஒரு தக்கை. இரைக்குப் பாண். பாணின் நடுப்பகுதியைப் பிய்த்து, வாவித் தண்ணீரிலேயே நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் கோதுமை மாவோடு பிசைந்தால் முள்ளில் நிற்கும். வீட்டிலிருந்து பிசைந்து கொண்டுபோனால் பஸ் இறங்குவதற்குள் புளித்துவிடுகிறது. தேங்காய்ப் புண்ணாக்கை ஒரு கைப்பிடி தூவினால் திலாப்பியா கூடும். கூடவே பொடி மீன்களும் கூடி இரையை உருவிக்கொண்டு போகும். அதனால் புண்ணாக்கைக் கஞ்சத்தனமாகவே போடுகிறேன்.

கனடாவில் இருக்கும் மச்சான் இதே நாட்களில் தொலைபேசியில் தன் ஏரியின் பனிக்கட்டி எப்போது உடையும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே கட்டி உருகி நீர் 4 பாகையைத் தாண்டத் தொடங்கும்போது, வெயிலில் முதலில் சூடாகும் ஆழம் குறைந்த கரைக்கு மீன் வருமாம். அவருக்கு மீனைக் கொண்டுவந்து கொடுக்கும் அதே வெயில் எனக்கு அதைப் பறித்துக்கொள்கிறது. மீன்தொட்டிக்கு விற்கும் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தேன். மாசி நடுவில் விடியற்காலையிலேயே 28 பாகை. பிற்பகலில் முழங்கால் ஆழத்தில் 32. 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும்.

விடியலில்தான் மீன் கடிக்கும் என்று கரையில் எல்லாரும் சொல்வார்கள். தையில் அது சரியாகவே இருந்தது. மாசியில் தண்ணீர் பாசியேறிப் பச்சைக் குழம்பானதும் பேச்சு மாறிவிட்டது. பகலில் ஒட்சிசனை உண்டாக்கும் பாசி, இரவில் தானும் அதைச் சுவாசிக்கிறது. மீனும் அடிச்சேறும் பங்குக்கு வர, விடியும்போது கையிருப்பு அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. அந்த நேரம் கரையோரம் குனிந்து பார்த்தால் தெரியும். திலாப்பியாக்கள் உதட்டை மட்டும் நீர்மட்டத்துக்கு நீட்டி, மேற்பரப்பை உறிஞ்சியபடி வரிசையாக நிற்கும். பாண் உருண்டை மூக்கில் முட்டினாலும் ஒதுங்கிப் போகுமே தவிர வாய் திறக்காது. எட்டரை மணிபோல வெயில் தண்ணீருக்குள் இறங்கியதும் ஒவ்வொன்றாகக் கீழே போய்விடும். தக்கை அசையத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். பத்தரை வரை நல்ல நேரம். பிறகு வெயில் நம்மையே விரட்டிவிடும். இதனால் காலை நித்திரையும் மிச்சம்.

அக்காவின் மகன் ஒரு சனிக்கிழமை கூட வந்தான். தக்கை மூழ்கட்டும் என்று அவன் காத்திருக்க, முள் வெறுமையாகவே வந்துகொண்டிருந்தது.

“மாமா, இதில் மீனே இல்லை.”

“மீன் இருக்கிறது தம்பி. தக்கை சரிந்து படுக்கிறதே, அப்போது இழு.”

திலாப்பியா இரையை வாயில் எடுத்துக்கொண்டு சற்று மேலெழும்பும். ஈயத்தின் பாரம் தக்கையிலிருந்து நீங்க, நேராக நின்ற தக்கை பக்கவாட்டில் சாயும். இரண்டு சிறு துடிப்பு, ஒரு சாய்வு. அதற்குள் மணிக்கட்டைத் தட்ட வேண்டும். பையன் அன்றே பிடித்துக்கொண்டான், மீனையும்தான்.

1952இல் இலங்கைக்கு வந்த மொசாம்பிக் திலாப்பியா உவரைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இலை தீய்ந்த கரையிலும் கிடைத்தது. விரால் அப்படி இல்லை. உப்பு ஏறியதும் வயல்பக்கத்து ஓடைகள் சேரும் இடங்களுக்கு ஒதுங்கிவிட்டது. காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் ஒட்சிசன் குறைந்தாலும் அதற்குக் கவலையில்லை; செடிகளுக்கிடையே ‘பொளக்’ என்று வாய் திறந்து மூடும் சத்தமே அடையாளம். போலி இரையான இறப்பர் தவளையை அந்த இடைவெளியில் இழுத்தால் பாய்கிறது. ஆனால் செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிப்பதைக் கண்டால் தடியை மடக்கிவிடுகிறேன். கீழே காவல் நிற்கும் தாய் தகப்பன் பசியால் பாய்வதில்லை, குஞ்சுகளுக்காகப் பாய்கின்றன. அதைப் பிடித்துவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் மீது எனக்கு மரியாதை இல்லை.

பங்குனியில் பிற்பகல் இடிமழை தொடங்கியது. முதல் மழைக்கு மறுநாள் ஓடை வாயில் பால்தேநீர் நிறத்தில் கலங்கல். அதன் ஓரத்தில், தெளிவும் கலங்கலும் சந்திக்கும் கோட்டில், மண்புழுவுக்கு நல்ல கடி. பாணை எந்த மீனும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இடி முழங்கும் முன்பே எழுந்துவிட வேண்டும். காபன் தடி மின்சாரத்தைக் கடத்தும். இருட்டிய பிறகு தண்ணீரில் இறங்கி நிற்பதும் வேண்டாம், செம்மூக்கு முதலைகள் இந்த வாவியில் உண்டு.

பாணந்துறைப் பக்கம் இறால் போட்டுக் கொடுவா தேடுகிறவர்களுக்கு இந்த உவர்க்காலம் கொண்டாட்டம்தான். எனக்கு அதற்கான தடியும் பொறுமையும் இல்லை.

பாசி மிகுந்த காலத்துத் திலாப்பியாவில் சேற்று வாடை இருக்கும். பாசி விடும் ஜியோஸ்மின் என்ற பொருள் சதையில் சேர்வதுதான் காரணம். தோலை உரித்து, வயிற்றின் கருஞ்சவ்வைச் சுரண்டி எடுத்து, தேசிக்காய்ச் சாற்றில் அரை மணி நேரம் ஊறவைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடுகிறது. பிறகு மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டுப் பொரித்தால் நானும் மருமகனும் தட்டைக் காலி செய்துவிடுவோம். அம்மா மட்டும் இன்னமும் வெள்ளவத்தைச் சந்தையில் பாரை வாங்கி வரச் சொல்லித்தான் காசு தருகிறார்.