ஐம்பத்து மூன்று பேருக்கு 120/80

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் நர்சிங் கல்லூரி ஆய்வகத்தில் ஒருவருக்கொருவர் இரத்த அழுத்தம் பார்த்துப் பழகச் சொன்னார்கள். நாங்கள் அறுபது பேர், முப்பது ஜோடி. நல்ல நிலையில் இருந்த கருவிகள் எட்டு. நேரம் ஒன்றரை மணி. முடிந்ததும் ரெக்கார்டு நோட்டுகளை வரிசை எண்படி அடுக்கி மேடத்தின் மேசையில் வைக்கும் வேலை எனக்கு வந்தது. அடுக்கும்போது பக்கத்தைப் புரட்டினேன். 120/80. அடுத்த நோட்டிலும் 120/80. அதற்கடுத்ததிலும் அதேதான். நாடித்துடிப்பு 72, சுவாசம் 18. எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று நோட்டுகளில் ஒரே எண்கள்.

ஒல்லியானவர், பருமனானவர், காலையில் சாப்பிடாமல் வந்தவர், படியேறி ஓடி வந்தவர் என்று யாராக இருந்தாலும் எல்லோருடைய இரத்தமும் ஒரே அழுத்தத்தில் ஓடுகிறதாம். பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை எடுத்து உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் பெயருக்கு நேரே எழுதிவிட்டார்கள். அந்த நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் முதலில் வரும்.

நான் எழுதியிருந்தது 104/66. என் ஜோடி அதைப் பார்த்துப் பதறினாள். "ஏன் எனக்கு மட்டும் குறைவாக எழுதினாய்? மேடம் கேள்வி கேட்பார்கள். 120/80 என்றே போட்டுவிடு" என்றாள். 104/66 நோயல்ல, மெலிந்த இளம்பெண்ணுக்கு இயல்பாகவே இருக்கக்கூடிய அளவுதான் என்று சொல்லியும் அவள் சமாதானமாகவில்லை. அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை.

இரத்த அழுத்தம் பார்ப்பது எளிதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் பத்துப் பன்னிரண்டு முறை எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கையில் சுற்றும் பட்டையான கஃப்பைச் சரியான உயரத்தில் கட்ட வேண்டும், முழங்கை மடிப்பில் துடிப்பைத் தேடி அதன்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைக்க வேண்டும், அழுத்தம் நொடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கும்படி காற்றை மெதுவாக விட வேண்டும். அடைபட்ட தமனி சற்றே திறந்து இரத்தம் பீறிடும்போது 'டப்' என்று முதல் ஒலி கேட்கும். அது மேல் எண். ஒலி முற்றிலும் அடங்கும் இடம் கீழ் எண். கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர் 1905இல் இதைச் சொன்னார். நூறாண்டுக்கும் மேலாக உலகமெங்கும் நர்சுகள் அந்த 'டப்'புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஐம்பத்து மூன்று பேருக்கு அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசைகூட இல்லை.

நான் இந்த வகுப்புக்குத் தாமதமாக வந்தவள். குடியாத்தம் எங்கள் ஊர். அப்பா லுங்கித் தறி ஓட்டியவர், அம்மா பீடி சுற்றுகிறார். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு எடுத்துப் படித்தும், வீட்டு நிலைமையால் இரண்டு ஆண்டுகள் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்தேன். அங்கே மேல்தோலில் ஒரு தையல் விலகினாலும் செக்கிங்கில் இருக்கும் அக்கா அதை விரலால் தடவிக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு ஆண்டுகளில் அவர் ஒரு ஜோடியைக்கூடப் பார்க்காமல் 'சரி' என்று முத்திரை குத்தி நான் கண்டதில்லை. செருப்புக்கு அவ்வளவு கவனம்.

நர்சிங் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தது அப்பாவால்தான். நீண்டநாள் சர்க்கரை நோயால் அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. மே மாதம், வைகாசி முதல் நாள், எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தத்துக்காரர்களுக்கு அந்த நாள் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. நோயாளியாக இருந்தாலும் அப்பாவை வீட்டில் உட்கார வைக்க முடியவில்லை. அக்கினி நட்சத்திர வெயில். வேலூர்ப் பக்கத்து வெயிலில் கூட்டத்தில் நின்றவருக்கு நா வறண்டது. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார்கள். இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சிதானே என்று நினைத்து இரண்டு இளநீர் குடித்துவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவரால் காலூன்றி எழ முடியவில்லை. பக்கவாதம் என்று பயந்து ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வேலூருக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் ஒரு சிஸ்டர், நாற்பது வயதிருக்கும், அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முழுதாக ஒரு நிமிடம். பிறகு கையை நகர்த்தி, டயாலிசிஸுக்காகச் செய்திருந்த இணைப்பைத் தொட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "டயாலிசிஸ் போகிறவரா? கடைசியாக எப்போது செய்தீர்கள்? நேற்று ஐயா என்ன சாப்பிட்டார்?" என்றார். ரசம் சாதம் என்றேன். "குடித்தது? பழம்? இளநீர்?" என்று கேட்டார். அப்பா மெல்லத் தலையை ஆட்டினார். நாடித்துடிப்பு 44. சிஸ்டர் டாக்டரைக் குரல் கொடுத்து அழைத்துக்கொண்டே ஈசிஜி கம்பிகளை ஒட்டத் தொடங்கிவிட்டார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது பொட்டாசியம் 7.4. அதற்குள் அப்பாவுக்கு மருந்து ஏறத் தொடங்கியிருந்தது.

அந்தக் காலை வேளையில் நடந்ததன் பொருள் எனக்கு இந்த ஆண்டு உடலியல் வகுப்பில்தான் முழுமையாக விளங்கியது. பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்குள்ளேதான் இருக்க வேண்டும். உள்ளே ஏறத்தாழ 140 என்றால் வெளியே இரத்தத்தில் 3.5 முதல் 5 வரைதான். உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் அந்தப் பெரிய வேறுபாட்டை நம்பித்தான் இதயத் தசை ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. அதிகமாக வரும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது இரத்தத்திலேயே தேங்கும். வேறுபாடு சுருங்கும், தசை தளரும், இதயம் தயங்கும், நின்றும் போகும். கால்சியம் குளுக்கோனேட் இதயத்தைக் காக்கும். குளுக்கோஸுடன் தரும் இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். டயாலிசிஸ் அதை உடலிலிருந்து எடுக்கும். மேடம் பலகையில் இதை எழுதியபோது அப்பாவின் நீல நிறப் போர்வை என் கண்முன் வந்து நின்றது. எனக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் கைப்பேசியில் பிறந்தநாள் கேக் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் டாக்டருக்கு வேண்டியது. வார்டில் போய் நின்றால் யார் நம்மிடம் சோடியம், பொட்டாசியம் கேட்கப்போகிறார்கள்?" இது வகுப்பில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. முதல் பருவத்தின் அனாட்டமியும் பிசியாலஜியும் தாண்டிவிட வேண்டிய வேலி என்றும், 'உண்மையான' நர்சிங் பிறகுதான் வரும் என்றும் நினைக்கிறார்கள். அந்த சிஸ்டர் அப்பாவிடம் கேட்ட கேள்வி எந்தப் பாடத்திலிருந்து வந்தது? டாக்டர் வருவதற்கு முன்பே அவர் கை ஈசிஜி கம்பியைத் தேடியது எதனால்?

சிலர் ஜெர்மனிக்குப் போகப்போகிறார்கள். அதற்காக மாலையில் ஜெர்மன் வகுப்புக்குத் தவறாமல் போகிறார்கள், வினைச்சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. குடும்பத்துக்குக் கடன் இருக்கும். ஆனால் அந்த ஊர் நோயாளிக்கும் இதே இதயம், இதே பொட்டாசியம்தான். இன்னும் சிலர் நீட் தேர்வில் மதிப்பெண் வராமல் இங்கே வந்தவர்கள். அவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பதே ஒரு துக்கம்போல இருக்கிறது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆறு மாதமாகியும் அதைக் காரணமாகச் சொல்லிப் புத்தகத்தைத் திறக்காமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் குறைவாக எடுப்பவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஒடுகத்தூருக்கு மேலே மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவள். அவளுடைய அனாட்டமி புத்தகத்தில் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலையிலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருப்பாள். 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு' என்று எழுதி, கழுத்தைத் திருப்பித் திருப்பி அந்தத் தசையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். கடைசித் தேர்வில் அவள் தேறவில்லை. அவளிடம் என் அம்மாவைத் தயங்காமல் ஒப்படைப்பேன்.

வியாழக்கிழமை ஹீமோகுளோபின் பரிசோதனை. சாலி முறை. குழாயில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் விரல் நுனியிலிருந்து எடுத்த 0.02 மில்லி இரத்தம், பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன்பிறகு வாலை வடிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பழுப்பு நிறம் பக்கத்திலிருக்கும் கண்ணாடியின் நிறத்தோடு பொருந்தும் வரை கலக்க வேண்டும். பத்து நிமிடம் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. நான்கைந்து மேசைகளில் விரலைக்கூடக் குத்தாமல் 12.5 என்று எழுதுவதைப் பார்த்தேன். என் ஜோடியும் பேனாவைத் திறந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்று மட்டும் எனக்காக" என்றேன்.

குத்தினேன். காத்திருந்தோம். நீர் விட்டேன். நிறம் சீக்கிரமே பொருந்திவிட்டது. 8.2.

தவறாகச் செய்துவிட்டேனோ என்று பயந்து, மறுபடி புதிதாகச் செய்தேன். 8.4. சாலி முறையில் கண்ணளவுப் பிழை வரும் என்பது தெரியும். ஆனால் பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. இந்த இடைவெளியைக் கண் பிழை என்று சொல்லிவிட முடியாது. அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறியிருந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் ஆகஸ்ட் மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சோம்பேறித்தனம் என்று நானே நினைத்திருக்கிறேன். முதல் பாடவேளையில் அவள் தலைசாய்த்துத் தூங்குவதைப் பார்த்து மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அந்தத் திட்டில் கொஞ்சமாவது அவள் இரத்தத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. மேடத்திடம் சொன்னோம். மறுநாளே முறையான பரிசோதனைக்கு அனுப்பினார்கள்; அதிலும் 8.6. இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். அவள் 12.5 என்று எழுதியிருந்தால் அந்த நோட்டு கையெழுத்தாகி அலமாரிக்குப் போயிருக்கும். அவளும் மூச்சு வாங்கிக்கொண்டே படியேறியிருப்பாள்.

நாங்கள் படிப்பது எந்த ஊரில் என்பதை நினைத்தால் வேதனை அதிகமாகிறது. 1900இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கிய வேலூர் இது. 1909இலேயே நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கி, 1946இல் பட்டப்படிப்பும் இங்கே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடிக்கப் போகும்போது காந்தி ரோட்டில் விடுதிப் பலகைகளும் சாப்பாட்டுக் கடைப் பலகைகளும் வங்காள மொழியில் தொங்குவதைப் பார்க்கிறேன். ரயிலில் ஒன்றரை நாள், இரண்டு நாள் பயணம் செய்து, மடியில் எக்ஸ்ரே உறைகளோடு வருகிறார்கள். மொழி தெரியாத ஊரில் யாரோ ஒரு சிஸ்டர் தன் மணிக்கட்டைப் பிடித்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுவார் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டு மாலை ஐந்து முதல் ஆறு வரை பிபி கருவி இரண்டை எடுத்துப் பழக அனுமதி வாங்கியிருக்கிறேன். வகுப்புக் குழுவிலும் செய்தி போட்டேன். நேற்று வந்தவர்கள் மூன்று பேர். மலைக் கிராமத்துப் பெண், என் ஜோடி, இதுவரை என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஒரு பையன். அவனுக்கு ஒலி கேட்க இருபது நிமிடம் ஆயிற்று. கேட்டதும் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாமலே கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னான். 118/76 என்று எழுதினான்.

அடுத்த மாதம் மூன்றாம் தேதியிலிருந்து எங்களுக்கு வார்டு. காலை ஏழரைக்குக் கல்லூரிப் பஸ். முதல் வாரம் முழுவதும் நோயாளிகளுக்கு இரத்த அழுத்தமும் நாடியும் பார்த்து அவர்களுடைய கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். அறுபது பேரும் போகிறோம்.