1001-ஐப் பகா எண் என்று நம்பிய நான், குரூப் 4 கணக்கில் தேறிய கதை

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் ரேங்க் வந்துவிட்டது. சான்றிதழ்களை ஸ்கேன் பண்ணி ஏற்றும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. போன தடவை கணக்கில் 25-க்கு 14. இந்தத் தடவை 23. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் பதிமூன்றரை கூடுதல். அது எத்தனை பேரைத் தாண்ட வைக்கும் என்று எழுதியவர்களுக்குத் தெரியும்.

எனக்குப் புத்தி வந்தது ஒரு மாதிரித் தேர்வில். 720720-க்கு எத்தனை காரணிகள்? 720 × 1001 என்று பிரித்தேன், அதுவரை சரி. 720 = 2⁴ × 3² × 5. 1001-ஐ 2, 3, 5-ஆல் வகுத்துப் பார்த்தேன், போகவில்லை. பகா எண்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 2 × 2 = 60. விடைகளிலும் 60 இருந்தது! சந்தோஷமாக வட்டத்தை நிரப்பினேன். 1001 = 7 × 11 × 13 என்று பிறகுதான் தெரிந்தது. சரியான விடை 240. கேள்வி எடுப்பவருக்கு நம்மை நன்றாகத் தெரியும். நாம் தப்பாகப் போட்டால் என்ன வருமோ அதையே ஒரு விடையாக வைத்துவிடுவார்.

அந்த ஆத்திரத்தில் 1001-ஐப் பிடித்துக்கொண்டேன். ஆறு இலக்க எண்ணா, நடுவில் ஒரு கோடு போடுங்கள். 184|275. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 91, அதாவது 7 × 13. 1001-இல் இருப்பது 7, 11, 13 என்பதால், அந்த மூன்றில் எது இந்த வித்தியாசத்தை வகுக்கிறதோ அது மொத்த எண்ணையும் வகுக்கும். அப்படியென்றால் மொத்த எண்ணும் 7-ஆலும் 13-ஆலும் வகுபடும், 11-ஆல் வகுபடாது. 91-ஆல் வகுத்தால் 2025 நிற்கிறது. அது 45-இன் வர்க்கம். எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும் என்று கேட்டால், பேனாவை எடுக்காமலே 91.

720720-ஐ நான் நாலு நாள் விடவில்லை. 1 முதல் 16 வரை எல்லா எண்ணாலும் வகுபடும் மிகச் சிறிய எண் அதுதான், 17-இல் நின்றுவிடும். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கணக்கு மொத்தமும் எனக்கு அங்கேதான் விளங்கியது.

மற்றபடி:
- 4, 8, 9, 11-ஆல் வகுபடும் விதிகள் தெரிந்ததுதான், விடுகிறேன்.
- 720720-இன் இரட்டைப்படைக் காரணிகள் கேட்டால் 2-ஐ மறைத்துவிட்டு ஒற்றைப்படைக் காரணிகளை எண்ணுங்கள்: 3 × 2 × 2 × 2 × 2 = 48. 240-இல் கழித்தால் 192.
- '1-ம் அதே எண்ணும் நீங்கலாக' என்று இருந்தால் அடிக்கோடு போடுங்கள். இதில் ஒன்றரை மதிப்பெண் போனது வயிற்றெரிச்சல்.

ஹாலில் நான் கணக்கைத்தான் முதலில் போட்டேன், 40 நிமிடம். அது பாக்கி இருந்தால் தமிழ்ப் பகுதியில் ஒரு செய்யுள் வரியும் எனக்கு மண்டையில் ஏறாது. என்னோடு படித்தவள் நூறு தமிழ்க் கேள்வியையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கணக்கைத் தொட்டாள். அவள் ரேங்க் என்னுடையதற்கு முன்னால்.