பா-லா-று, லே-ஸா-மி

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம், குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வரும் பையன் ஆடியோவைக் கேட்டுவிட்டு அகராதியைப் புரட்டிக்கொண்டே இருந்தான்.

"மிஸ், ஸாமின்னு ஒரு வார்த்தையே இல்லையே?"

அவன் கேட்டது 'லே ஸாமி'. லே, அமி என்று இரண்டு சொற்கள்; 'நண்பர்கள்' என்று பொருள். லே என்பதன் கடைசியில் எழுத்தில் மட்டும் இருக்கிற எஸ், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் வாய் திறந்துவிடும். அதுவும் தேனீ ரீங்காரம் மாதிரி அதிரும் ஒலியாக.

நோட்டில் 'பால்', 'ஆறு' என்று எழுதச் சொன்னேன். சேர்த்துப் படிடா. பாலாறு. காதில் விழுகிறபடி துண்டு போடு. பா-லா-று.

"ஆ எங்கடா போச்சு?"

"ல் மேல ஏறிடுச்சு மிஸ்."

அவ்வளவுதான். நன்னூலில் படித்த அதே புணர்ச்சி. பிரெஞ்சில் 'இல்', 'ஆ' (அவனிடம் இருக்கிறது) என்று தனித்தனியாக எழுதியிருக்கும். பிரெஞ்சுக்காரர் வாயில் அது இ-லா. சொல்லின் எல்லையை அசை மதிப்பதில்லை. ஒரே சொல்லுக்குள்ளும் அசை மாறும்: சனிக்கிழமைக்கு எழுத்தில் ஸ-மெ-தி, மூன்று அசை; பேச்சில் நடுவிலிருக்கும் எகரம் விழுந்து ஸம்-தி, இரண்டே அசை.

அழுத்தம்தான் பிள்ளைகளைப் படுத்துகிறது. எனக்கும் கல்லூரியில் ஆங்கிலம் வழியாகத்தான் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி அழுத்தம் என்பதால் இதிலும் அப்படியே குத்திக் குத்திப் படித்தேன். அந்தப் பழக்கத்தை விட எனக்குப் பல வருஷம் ஆனது. பிரெஞ்சில் அழுத்தம் சொல்லுக்கு இல்லை, ஒரு மூச்சில் சொல்லும் தொடருக்கு. கஃபே என்றால் 'ஃபே' நீளும். கஃபே நுவார், கறுப்புக் காப்பி என்றால் 'நுவார்' மட்டும் நீளும். சர்க்கரை இல்லாமல் என்று 'ஸான் ஸுக்ர்' சேர்த்தால் அந்த நீட்டம் 'ஸுக்ர்' வரை தள்ளிப்போகும். சத்தம் கூட வேண்டாம், கடைசி அசையைக் கொஞ்சம் இழுத்தால் போதும். மற்ற அசைகளெல்லாம் சமமாக நடக்க வேண்டும். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னால் பிடிபட்டுவிடும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வருகிறது. நமக்கும் சொல்லுக்குச் சொல் குத்திப் பேசும் வழக்கம் கிடையாதே.

"அப்போ உயிர் வந்தாலே சேர்த்துடலாமா மிஸ்?"

நல்ல கேள்வி. 'லே ஏரோ' என்றால் வீரர்கள். ஏரோவை எழுதும்போது முதல் எழுத்து 'எச்' (h). அந்த எச் ஒலிக்காது, ஆனால் சேரவும் விடாது. லே-ஏ-ரோ என்று விட்டுத்தான் சொல்ல வேண்டும். சேர்த்தால் லே-ஸே-ரோ, பூஜ்ஜியங்கள் என்று கேட்கும். இந்த மாதிரிச் சொற்களுக்கென்று நோட்டில் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி, அவன் முதலில் எழுதியது ஏரோ.