பீரோ சாவி

ஜூன் 3, 2025, செவ்வாய்

அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் நேற்றுத் தண்டனை சொல்லிவிட்டார்கள். 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் சிறை. காலையில் ஸ்டாஃப் ரூமில் அதே பேச்சுதான். என் மனம் மட்டும் போன டிசம்பரில் வெளியே வந்த முதல் தகவல் அறிக்கையையே சுற்றிக்கொண்டிருந்தது. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், ஆனால் பாலியல் குற்றம் போன்றவற்றை ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொல்லியாயிற்று. இருந்தும் அந்த மாணவியின் விவரங்களோடு அறிக்கை இறங்கி, வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியதில், தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டியது பூட்டாமல் போனதாம். அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இன்றைக்குப் பார்த்து எனக்கு ஒரு ஆர்டர் வந்தது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் உள் புகார்க் குழுவுக்கு இனி நான் தலைவர். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஒழுங்குமுறையில் பெயர் அதுதான்; எல்லாருக்கும் அது விசாகா கமிட்டி. ஆர்டரோடு ஒரு பீரோ சாவி. பீரோ இருப்பதோ எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில், ஆறு பேர் உட்காரும் அறையில். திறக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக் கதவு. உள்ளே கோப்புகளின் முதுகில் தடித்த மார்க்கரால் பெயர், துறை, பதிவு எண். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எந்தப் புகாரின் கதையும் வராது. கதவு, பதிவேடு, பிரின்டர் இவற்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

தபால் பிரிவு. அங்கே இருக்கும் அண்ணனுக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். வரவுப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். எண், தேதி, அனுப்புநர், பொருள். பொருள் என்ற கட்டத்தில் புகாரின் முதல் பத்தியை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். பதிவேடு கிடப்பது கவுன்டர் மேல். போனஃபைடு சான்றிதழுக்குக் காத்திருக்கும் பையன்கள் பொழுது போகாமல் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

“பொருள் காலியா இருந்தா ஆடிட்ல கேப்பாங்க மேடம்.”

அவர் சொல்வதும் நியாயம்தான். முப்பது வருடமாக எதையும் விடாமல் எழுதச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். அரை மணி நேரம் பேசி ஒரு வழிக்கு வந்தோம். புகார் ஒட்டிய உறையில்தான் வரும். அவர் பிரிக்க மாட்டார். பொருள் கட்டத்தில் ‘உறை’, அனுப்புநர் கட்டத்தில் ‘நேரில்’, ஒரு எண். அவ்வளவுதான். எந்த எண் யாருடையது என்ற தாள் என்னிடம் மட்டும் இருக்கும்.

“பழைய பக்கத்தை என்ன பண்றது?” என்று அவரே கேட்டார். கிழிக்க முடியாது. அந்த வால்யூமை முடித்து, புது வால்யூம் போட்டு, பழையதைத் தன்னுடைய இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இதை நான் சொல்லித் தரவில்லை.

ஜூன் 11, புதன்

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் 2013 விதிகள் புகாரை ஆறு நகல் கேட்கின்றன. ஆறு நகல் என்றால் வளாக ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் படிக்க மாட்டார், வரிசையில் பின்னால் நிற்பவர் படிப்பார். மூலம் ஒன்று போதும், மற்றதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று நோட்டீஸ் போர்டில் போடச் சொல்லியிருக்கிறேன். குழு உறுப்பினர்கள் மூலத்தை அறையிலேயே படித்துவிட்டு வைத்துவிட்டுப் போகலாம். வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. மூத்த பேராசிரியர் ஒருவருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

துறையின் பொது பிரின்டரில் காகிதம் சிக்கி, மறுநாள் வேறொருவரின் வினாத்தாளோடு சேர்ந்து வெளியே வரும். அதற்காகவே 9,000 ரூபாயில் ஒரு சின்ன பிரின்டர் கேட்டுக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன். எப்போது வருமோ.

ஜூன் 17, செவ்வாய்

புகாரில் மாணவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால் குழுவில் மூன்று மாணவர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பது யுஜிசி 2015 ஒழுங்குமுறை. இளநிலை, முதுநிலை, ஆய்வு என்று ஆளுக்கு ஒன்று. மூவரையும் இன்று உட்கார வைத்துப் பேசினேன். இளநிலைப் பெண்தான் கேட்டாள்:

“மேம், புகார் குடுத்தா அந்த ஆளுக்கு என் பேரு தெரிஞ்சிடுமா?”

தெரிஞ்சிடும் என்றேன். புகாரின் நகல் 7 நாளில் அவருக்குப் போக வேண்டும், அவர் 10 நாளில் பதில் தர வேண்டும். யார், என்றைக்கு, எங்கே என்று தெரியாமல் ஒருவர் எதற்குப் பதில் சொல்வார்? ஆனால் நகலில் அவள் போன் நம்பர் போக வேண்டியதில்லை. விடுதி அறை எண், வீட்டு முகவரி, அப்பா பெயர் எதுவும் போக வேண்டியதில்லை. எதிரெதிரே உட்கார வைக்க வேண்டியதும் இல்லை. ‘யாருக்கும் தெரியாதும்மா’ என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். நல்ல மனதோடு சொல்லும் பொய்தான், ஆனால் ஏழாம் நாள் உடைந்துவிடும். யார் யாருக்குத் தெரியும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுங்கள். எண்ணி முடிக்க இரண்டு கை போதுமானதாக இருக்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர் பெயரையும் வெளியிடக் கூடாது, சட்டத்தின் 16ஆம் பிரிவு சாட்சிகளையும் சேர்த்தே காக்கிறது என்றதும் மூவருக்கும் பிடிக்கவில்லை. “அவன் பேரையுமா?” ஆரம்பத்தில் எனக்கும் பிடிக்கவில்லை. நாற்பது பேர் இருக்கும் துறையில் அவன் பெயர் தெரிந்தால் அவள் பெயர் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அப்புறம்தான் ஒத்துக்கொண்டேன். 16ஐ மீறினால் விதிப்படி 5,000 ரூபாய் அபராதம். டிசம்பரின் 25 லட்சத்தை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கேள்விக்குக் குரல் இறங்கியது. “வீட்டுக்குச் சொல்லிடுவீங்களா?”

உண்மையான பயம் அதுதான். அவனை நினைத்துப் பயப்படுவதைவிட, படிப்பை நிறுத்திவிடுவார்களே என்ற பயம். நம் ஊரில் வார்டன்களுக்கு எதற்கெடுத்தாலும் வீட்டுக்குப் போன் போட்டுத்தான் பழக்கம். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்பார்கள். பதினெட்டு முடிந்த பெண், அவள் சம்மதம் இல்லாமல் என் குழுவிலிருந்து வீட்டுக்குப் போன் போகாது என்று எழுதியே கொடுத்தேன். நாளைக்கு வார்டன்களோடு ஒரு கூட்டம் வைத்திருக்கிறேன். அங்கேதான் சண்டை இருக்கிறது.

விசாரணைக்கு வர வகுப்பை விட வேண்டும். ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தில் காரணம் கேட்பார்கள், எச்.ஓ.டி. கையெழுத்து போட வேண்டும். இதைச் சொல்லும்போது என் பழைய தவறு ஒன்றையும் சொன்னேன். பல வருடம் முன்பு வேறொரு கல்லூரியில் குழு உறுப்பினராக இருந்தபோது, சாட்சிக்கான அழைப்பை உறையில் போடாமல் துறை வழியாக அனுப்பினேன். வகுப்பிலிருந்து விடுவிக்க வேண்டுமே, அதற்காக. காலை பத்து மணிக்குத் தாள் போனது. மதியம் கேன்டீனில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. [இங்கே இரண்டு வரிகள் இருந்தன. ஜூலை 2 அன்று எடுத்துவிட்டேன்.] அந்தச் சாட்சிப் பெண் அடுத்த அமர்வுக்கு வரவில்லை. புகார் கொடுத்தவளும் வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

இனி ஓ.டி. பதிவாளர் அலுவலகத்திலிருந்து போகும். ‘பல்கலைக்கழகப் பணி’ என்று, என்.எஸ்.எஸ்., விளையாட்டுப் பட்டியலோடு கலந்து. அமர்வும் பதிவாளர் அறைக்குப் பக்கத்தில் கிடையாது. அந்த வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்தாலே செய்தி. நூலகத்தின் இரண்டாம் மாடி. அங்கே யார் ஏறிப் போனாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஆண்டறிக்கைக்குப் படிவம் வந்தது. எத்தனை புகார், எத்தனை முடிந்தது. சரி. எங்கள் ஆட்கள் இன்னும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள்: துறை வாரியாக. ஒரு துறையில் முதுநிலை முதலாண்டில் பெண்கள் மூன்று பேர். அதற்கு நேரே ‘1’ என்று போட்டால் பெயரை எழுதியதாகவே அர்த்தம். மொத்தத் தொகை மட்டும் கொடுத்தேன். “முழுசா நிரப்பலையே மேடம்” என்று திரும்பி வந்தது. அப்படியே மறுபடி அனுப்பினேன்.

பிரின்டர் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கமாகப் பழைய காலண்டர் அட்டை ஒட்டியிருக்கிறேன். முருகன் அறையைப் பார்த்தபடி நிற்கிறார்.

ஜூலை 2, புதன்

இரவு பத்தரைக்குப் போன். பழைய கல்லூரியில் என்னோடு வேலை பார்த்தவள், பதினோரு வருடமாகப் பேசவில்லை.

“அக்கா, நீங்க எழுதுறத படிச்சிட்டு இருக்கேன். 17ஆம் தேதி எழுதினது அவளப் பத்தித்தானே?” பெயரைச் சொன்னாள். சரியான பெயர்.

நான் பெயர் எழுதவில்லை. ஊர், துறை, வருடம் எதுவும் எழுதவில்லை. கேன்டீன் பற்றிய அந்த இரண்டு வரிகளில் ஒரு சின்ன விஷயம் இருந்திருக்கிறது. எழுதும்போது அழகாக இருக்கிறது என்று நினைத்து வைத்தேன். அன்று அங்கே இருந்தவர்களுக்கு அது போதும்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

உடனே அந்த வரிகளை எடுத்தேன். அவளுக்குத் திரும்பக் கூப்பிட்டு, ஸ்கிரீன்ஷாட் ஏதாவது எடுத்தாயா என்று கேட்டேன்.

“எடுத்தேன்க்கா. அழிச்சிடறேன்.”

“யாருக்காவது அனுப்பினியா?”

சற்று நேரம் பேச்சே வரவில்லை.